பன்னிரண்டாயிரத்து எண்ணூறு

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
எங்கோ ஒரு சில்வர் ஓக் கம்பி மேல் சாய்ந்ததாம்.
ஜெனரேட்டர் ஏற்றிய டெம்போ
பதினாலாவது கொண்டை ஊசியில் மூச்சு வாங்கி நிற்பதாக
மாதேசன் போன் செய்தான்.
பாதி வாக்கியத்தில் அவனும் போனான்.

நாகலூர் வழியில் சின்னக் கோயில்.
ஐந்து மணிக்குத் திருமணப் பூசை.
கதவைச் சாத்தியும்
பத்திரிகை வைக்காத உறவு மாதிரி
உள்ளே வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது
ஏற்காட்டுப் பனிமூட்டம்.

ஃபிளாஷ் ஒன்று அடித்துப் பார்த்தேன்.
வெள்ளைச் சுவர். அவ்வளவுதான்.
பீடம் இல்லை, ஆள் இல்லை,
என் வெளிச்சமே திரும்பி வந்து
என் முகத்தில் அறைந்தது.
கழற்றிப் பையில் போட்டேன்.

சேலம் நாலு ரோட்டில் வாடகைக்கு எடுத்த கேமரா.
காலை ஒன்பதுக்குள் திருப்ப வேண்டும்,
ஒரு நிமிடம் தாண்டினாலும் அரைநாள் கணக்கு.
அதன் ஐஎஸ்ஓ சக்கரத்தை உருட்டினேன்:
ஆயிரத்து அறுநூறு. மூவாயிரத்து இருநூறு.
ஆறாயிரத்து நானூறு.
அதற்கு மேல் நான் போனதில்லை.
போனேன்.

பீடத்தில் ஆறு மெழுகுவத்தி.
ஏழாவதை உபதேசியார் கையில் பிடித்திருந்தார்,
சாமியாருக்கு எழுத்துத் தெரிய.

லென்ஸை முழுதாகத் திறந்தால்
இமை தெளியும், காது கலங்கும்.
பிலோமியைப் பிடித்தால் யூஜின் புகை.
யூஜினைப் பிடித்தால் பிலோமி புகை.
இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்கும்வரை
காத்திருக்க வேண்டும்.
கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்களுக்கே
அது வாய்ப்பதில்லை.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில்
முன்னும் பின்னும் மோந்து பார்த்துக்
கடைசியில் பூச்சாடியைக் கவ்வியது.
அதை அணைத்துவிட்டு விரலால் திருகினேன்.
முழங்கையை விலாவில் ஒட்டி,
தூணில் தோள் சாய்த்து,
மூச்சை விட்டு, அடுத்ததை இழுக்காமல்,
அறுபதில் ஒரு வினாடி.

தாலியை எடுக்கும்போது மூன்றாம் பெஞ்சில்
யாரோ செல்போன் டார்ச் போட்டார்கள்.
"அணைங்க!" என்றேன்,
கோயில் என்பதை மறந்து, சத்தமாக.
சாமியாரே ஒரு கணம் நிறுத்தினார்.
அந்த நிறுத்தத்தில்தான் பிலோமி சிரித்தாள்,
முதல் முடிச்சுக்கும் முந்தி,
பல் தெரியாமல், மூக்கால்.
படத்தில் ஒரு நடுக்கம் இருக்கிறது.
யூஜின் விரலுடையதா என்னுடையதா
சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா
தோளுக்கு மேல் எட்டி, திரையைப் பார்த்தார்.
"பொண்ணு ரொம்ப இருட்டா விழுந்திருக்கே,
கொஞ்சம் வெளுக்க வைங்க.
இந்தப் புள்ளி புள்ளியா இருக்கறதையும் எடுத்துடுங்க."
இந்தப் பெட்டிக்கும் அதே புத்திதான்.
எந்தக் கறுப்பைக் காட்டினாலும்
சாம்பலாக்கப் பார்க்கும்.
பூசை முழுக்க அதனோடு மல்லுக்கட்டியவள் நான்.
"பாத்துக்கலாம்ணே" என்றேன்.
மீதிப் பணம் அவர் சட்டைப் பையில்.

லாட்ஜ். லேப்டாப்பில் பதினொரு சதவீதம்.
புள்ளிகளை அழிக்கும் கோலை வலப்பக்கம் தள்ளினேன்.
புள்ளிகள் போயின.
கூடவே மேலுதட்டு வியர்வை,
கன்னத்துப் பூனைமுடி,
புருவத்தை வெட்டிப் போகும் பழைய தழும்பு.
மெழுகு பொம்மைக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தான் யூஜின்.
கோலைத் திரும்ப இழுத்தேன்.
ராகி மாவு தூவியதுபோல் புள்ளிகள் வந்தன.
அவளும் வந்தாள்.

காலை எட்டு ஐம்பத்திரண்டு, நாலு ரோடு.
வெயிலில் கண் கூசியது.
கடைக்காரர் லென்ஸைத் தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கையில்
போன் அதிர்ந்தது. பிலோமி.
"அக்கா, நான் சிரிச்சது விழுந்துச்சா?"
விழுந்துச்சு, ஆனா இருட்டா இருக்கு
என்று அனுப்பினேன்.
"இருட்டாத்தானக்கா இருந்துச்சு."

ஹூட் ஓரத்தில் ஒரு மெழுகுத் துளி.
நகத்தால் சுரண்டினார். முழுசாக வரவில்லை.
"இதுக்கு இருநூறு ஆகும்மா."
கொடுத்தேன்.
பில் கேட்கவில்லை.